கியரும் இல்லை, காரணமும் இல்லை

நல்லூர்க் கொடி ஏறியிருந்த நேரம் போயா திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு. நானும் என் தோழியும் அவளுடைய தம்பியும் மூன்று சைக்கிளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வடமராட்சி கிழக்குக்குப் போய்வந்தோம். மணல் பாதை, சவுக்கங்காடு, கடற்கரை, களப்பு வெளி. முடிந்த அளவுக்கு காப்பெற் றோட்டை விட்டு விலகி ஓடுவது என்பதுதான் திட்டம்.

இதில் எழுத என்ன இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். எழுத வைத்தது ஒரு கேள்வி. தேத்தண்ணிக் கடையில், சைக்கிள் கடையில், சந்தியில் நின்ற சீருடைக்காரரிடம், தங்கின வீடுகளில் என்று மூன்று நாளும் எல்லாரும் கேட்டது அதைத்தான்: "என்னத்துக்குப் போறியள்?"

"சும்மா போறம்" என்று சொன்னோம். ஒருத்தரும் நம்பவில்லை. படிப்புக்கு ஏதும் எழுதுறியளோ? என்ஜிஓவோ? யூரியூப்போ? ஆற்றையும் செத்தவீடோ? காசு சேர்க்கிற சைக்கிள் ஓட்டமோ? இத்தனை காரணங்களையும் அவர்களே எடுத்துத் தந்தார்கள். சும்மா என்பது மட்டும் ஒரு காரணமாக அவர்களுக்குத் தெரியவில்லை. என் அம்மா கடைசிவரை சொன்னது: "கொடி ஏறியிருக்கு, ஊரெல்லாம் கோயிலுக்குப் போகுது, உங்களுக்கு மண்ணுக்கை சைக்கிள் உருட்டவேணுமோ?"

இந்தக் கட்டுரை அந்த "சும்மா"வுக்காக எழுதுவது. அதற்கு முதல் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம்.

என்னுடையது லுமாலா லேடீஸ் சைக்கிள். ஓ.எல். எடுக்கும்போது வாங்கித் தந்தது. முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18. கியர் கிடையாது. தோழியுடையதும் அப்படித்தான், அவளுடையதில் கூடை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய தம்பியிடம் இருப்பது 'மவுண்டின் சைக்கிள்'. முன்னுக்கு 3, பின்னுக்கு 7, மொத்தம் 21 கியர். ஏ.எல். படிக்கிற பெடியன். வீட்டில் ஒரு வருசம் அழுது வாங்கினது.

குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது? கீரிமலை என்ற பெயரில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் சைக்கிளுக்கு ஏற்றம் என்று சொன்னால் பாலம்தான். அந்த 21 கியரில் அவன் ஓடுவது எப்போதும் ஒரே ஒரு கியரில். மற்ற இருபதும் ரியூசன் வாசலில் நிற்கும்போது மற்றப் பெடியள் பார்ப்பதற்கு. அவனைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. லுமாலா என்றால் மீன் விற்கிறவர்களும் வாத்திமாரும் ஓடுகிற சைக்கிள், கியர் சைக்கிள் என்றால் வெளிநாட்டில் மாமா இருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் வளர்ந்தது அப்படித்தான்.

இதில் சிரிப்பு என்னவென்றால், மலை இருக்கிற நாடுகளில் ஒரு கூட்டம் கியரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறது. சிங்கிள்ஸ்பீட் என்று அதற்குப் பெயர். 1990களில் மவுண்டின் சைக்கிளின் கியர்கள் பெருகிப் பெருகி விலையும் ஏறிக்கொண்டு போனபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில பேர் "இவ்வளவும் வேண்டாம்" என்று ஒரு பல்லோடு காட்டுக்குள் போனார்கள். அவர்களுக்கு ஓர் உலகப் போட்டிகூட இருக்கிறது, பாதி பகிடி, பாதி ஓட்டம். அதில் வெல்கிறவர் உடம்பில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். அவர்கள் பேசிக்கொள்கிற பகிடி ஒன்று: ஒரு கியர் சைக்கிளுக்கும் மூன்று கியர் இருக்கு. இருந்து மிதிக்கிறது, எழும்பி மிதிக்கிறது, இறங்கி உருட்டுறது.

இதைத்தான் எங்கள் அப்பப்பா தலைமுறை ஒரு பெயரும் வைக்காமல் செய்துகொண்டிருந்தது.

போவதற்கு முதல் ஒரேயொரு மாற்றம் செய்தேன். கொக்குவிலில் நான் வழமையாகப் போகிற சைக்கிள் கடையில் பின் பிறீவீலை மாற்றி 22 பல்லுப் போட்டேன். செயினில் கண்ணி கூட்டவேண்டி வந்தது. கூலியோடு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. 44ஐ 22ஆல் பிரித்தால் 2. பெடலை ஒரு சுற்று மிதித்தால் சில்லு இரண்டு சுற்று. 26 அங்குலச் சில்லுக்கு அது நாலு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. முந்தி 18 பல்லில் ஐந்து மீற்றர் போகும். றோட்டில் கொஞ்சம் மெதுவாகும், மணலில் மிதிக்கலாம். சிங்கிள்ஸ்பீட்காரர்கள் காட்டுப் பாதைக்குத் தொடக்கத்தில் எடுக்கிற கணக்கும் இந்த இரண்டுக்கு ஒன்றுதான். கடை அண்ணை கேட்டார்: "என்ன பிள்ளை, சாமான் ஏத்தப் போறியோ?" இந்த ஊரில் பல்லைக் கூட்டினால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு, பாரம். விறகு, நெல்லு, சீமெந்து.

சனிக்கிழமை விடிய நாலரைக்கு வெளிக்கிட்டோம். கோப்பாய், அச்சுவேலி, தொண்டைமானாறு, பருத்தித்துறை. சோழகக் காற்று பின்னுக்கிருந்து தள்ளினதால் இந்தப் பகுதி சொல்லும்படி ஒன்றும் இல்லை, கால் தானாகச் சுற்றியது. றோட்டோரம் பனம்பழம் விழுந்து கிடந்தது. வல்லிபுரக் கோயிலடியில் இருந்துதான் மண் தொடங்குகிறது. கோயில் வீதியே வெள்ளை மணல். அங்கே இறங்கினவர்கள் மணற்காடு வரைக்கும் பாதி தூரம் உருட்டித்தான் போனோம்.

மணலில் சைக்கிள் ஓட ஒரு முறை இருக்கிறது, அதை அன்றைக்குப் படித்தேன். காண்டிலை இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு ஆழ உழும். லூசாகப் பிடிக்க வேண்டும், அது தன்பாட்டுக்குக் கொஞ்சம் ஆடும், ஆட விட வேண்டும். பாரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, மிதிப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கும், பிறகு வெளிக்கிட ஏலாது. கியர் சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு கஷ்டம் இருந்தது. மண்ணுக்குள் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவன் எந்தக் கியர் என்று யோசித்தான், யோசிக்கிற நேரத்தில் சைக்கிள் நின்றது. எங்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. மிதி, இல்லாவிட்டால் இறங்கு.

மணற்காட்டில் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தோம். கூரை இல்லை. சுவரும் வளைவும் மிச்சம். கொஞ்சம் தள்ளி 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவர்களின் கல்லறைகள். மணல் மேடுகளுக்கு மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்கு. படம் எடுத்தோம், பொய் சொல்லவில்லை. ஆனால் கல்லறையடியில் எடுக்கவில்லை. அன்றிரவு குடத்தனையில் தோழியின் பெரியம்மா வீடு. புட்டும் மரக்கறியும். தோழி நல்லூர் விரதம், நானும் அவளோடு சேர்ந்து விரதம். பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குப் பிடித்த நல்ல விளைமீனைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, "பாவங்கள்" என்று திருப்பிக் கொண்டு போனார்.

பெரியம்மா சைக்கிளைப் பார்த்துவிட்டுப் பழைய கதை சொல்லத் தொடங்கினா. இங்கேதான் எனக்கு அந்த "என்னத்துக்கு" விளங்கத் தொடங்கியது.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டில் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. யாழ்ப்பாணம் பல வருசம் சைக்கிளில்தான் ஓடியது. றேடியோவில் செய்தி கேட்க வேண்டுமா, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைப் பூட்டிக் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். வருத்தக்காரரைக் கரியலில் வைத்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிளாலிக் கடலில் வள்ளத்தில் சைக்கிளை ஏற்றி வன்னிக்குப் போய் அரிசி கட்டி வந்தார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டில் இருந்து கொண்டுபோக முடிந்ததெல்லாம் சைக்கிளில் தொங்கியது. பெரியம்மாவின் சைக்கிளில் ஒரு தையல் மெசின், ஒரு பிள்ளை, ஒரு கோழி.

பிறகு 2022. பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை. கராஜுக்குள் கிடந்த சைக்கிள் எல்லாம் திரும்ப வெளியே வந்தது. விலையும் ஏறியது. கியூஆர் வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கினதும் சைக்கிள் திரும்பக் கராஜுக்குள் போய்விட்டது.

பாருங்கள், இந்த ஊரில் சைக்கிள் என்பது எப்பவும் வேறு வழி இல்லாதபோது எடுக்கிற சாமான். அதில் ஏறுகிறவர் ஏதோ ஓர் அவசரத்தில், ஏதோ ஒரு இல்லாமையில் ஏறுகிறார். ரியூசனுக்குப் போகிற பெடியனும் மோட்டார் சைக்கிள் வாங்கும் வரைக்கும்தான் அதில் போகிறான். ஆகவே வசதியாக வீட்டில் இருக்கக்கூடிய மூன்று பேர், பஸ் ஓடுகிற காலத்தில், மணலுக்குள் சைக்கிளை மிதித்தால் அதைப் பார்க்கிறவருக்கு அது விளங்காது. அவருக்கு அது நக்கலாகக்கூடத் தெரியலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த விளங்காமையை நாங்கள் அப்படியே விடக் கூடாது. கஷ்டத்துக்கு மட்டும் ஓடின சைக்கிளை சந்தோசத்துக்கும் ஓடலாம் என்று இந்த ஊர் பழக வேண்டும். அதுவும் குறிப்பாக இரண்டு கூட்டத்துக்கு அது வேண்டும். ஒன்று, இங்கேயே இருக்கப் போகிற இளம் ஆட்கள். மற்றது, பெண்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது புதினம் இல்லை. காலமை ஏழு மணிக்கு எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் வெள்ளைச் சட்டையும் ரையுமாக வரிசையாகப் போவார்கள். ஆனால் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், வீடு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு முகவரியும் ஒரு நேரமும் இருக்கும். பத்து நிமிசம் பிந்தினால் வீட்டில் இருந்து கோல் வரும். என்னுடைய சைக்கிள் பத்து வருசத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, முகவரி இல்லாமல் ஓடினது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் சந்தி ஒன்றில் எங்களை மறித்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தோம். அதன்பிறகு எல்லாக் கேள்வியும் தம்பியாரிடம். "அக்காமாரைக் கூட்டிக்கொண்டு எங்க போறீர்?" அவனுக்குப் பதினெட்டு வயது. வழி எனக்குத்தான் தெரியும், காசு தோழியிடம் இருக்கிறது, அவன் எங்களோடு வந்தது நாங்கள் கெஞ்சியதால் இல்லை, அவன் கெஞ்சியதால். அவன் பாவம், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு "அக்காட்டைக் கேளுங்கோ" என்றான். மரியாதையாகத்தான் விட்டார்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தனியப் போயிருந்தால் அந்தக் கேள்விகள் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்று காலமை அவனுடைய கியர் போய்விட்டது. சவுக்கங்காட்டுக்குள் ஒரு காய்ந்த கொப்பு பின் சில்லுக்குள் அகப்பட்டு, சில்லுக்குப் பக்கத்தில் தொங்குகிற கியர்க் கையை வளைத்துக் கம்பிக்குள் இழுத்துவிட்டது. கம்பி இரண்டு போச்சு. அம்பன் தாண்டி றோட்டோரமாக ஒரு சைக்கிள் கடை வரை உருட்டினோம். கடை என்றால் ஒரு வேப்பமரம், ஒரு தகரப் பெட்டி, ஒரு பம்ப். அறுபது வயது மதிக்கத்தக்க ஐயா. சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாமான் இஞ்ச இல்லைத் தம்பி. ஆனா உனக்குச் சாமான் தேவையும் இல்லை" என்றார்.

வளைந்த கையைக் கழற்றிப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். செயினை வெட்டிக் கட்டையாக்கினார். முன்னுக்கு நடுப்பல்லு, பின்னுக்கு எந்தப் பல்லில் செயின் நேராகவும் இறுக்கமாகவும் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். லுமாலாவில் என்றால் சில்லைப் பின்னுக்கு இழுத்து இறுக்கிவிடலாம், இந்தச் சைக்கிளில் அச்சு இருக்கிற இடம் நிலைக்குத்தாக வெட்டியிருப்பதால் அது ஏலாது, பல்லைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். முக்கால் மணித்தியாலம். முன்னூறு ரூபாய் கேட்டார், ஐந்நூறு கொடுத்தோம், இருநூறைத் திருப்பித் தந்தார். எங்களுடைய மூன்றாவது சைக்கிளும் ஒரு கியர் ஆகிவிட்டது. முதல் அரை மணித்தியாலம் அவன் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான். அதன்பிறகு முன்னுக்கு ஓடத் தொடங்கினான். பின்னேரம் வரைக்கும் அவனைப் பிடிக்க முடியவில்லை.

நாகர்கோவில் வந்ததும் மூன்று பேரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். 1995 செப்டம்பர் 22இல் அங்கே பள்ளிக்கூடத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, பிள்ளைகள் செத்தார்கள். அதன்பிறகு 2000க்குப் பிந்திய வருசங்களில் நாகர்கோவிலில் இருந்து முகமாலை, கிளாலி வரைக்கும் முன்னரங்கு. அந்த நிலத்தில் புதைத்த மிதிவெடிகளை எடுப்பதிலேயே எத்தனையோ வருசம் போனது, முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளை ஏ9இல் பஸ்ஸில் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மவுண்டின் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு உலகம் முழுக்க ஒரு சட்டம் இருக்கிறது: தடத்தை விட்டு விலகாதே. அங்கே அது மண் அரிக்காமல் இருக்க, செடி மிதிபடாமல் இருக்க. எங்களுக்குப் பெரியம்மா அதே சட்டத்தை வேறு காரணத்துக்குச் சொல்லி அனுப்பினா: "ஆக்கள் நடந்த பாதையால மட்டும் போங்கோ. புதுப் பாதை பிடிக்காதேங்கோ." ஒரு ஒற்றையடிப் பாதை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. அங்கே ஒரு ஆள் நடந்திருக்கிறார், உயிரோடு திரும்பி வந்திருக்கிறார், அதைப் பார்த்து இன்னொரு ஆள் நடந்திருக்கிறார். அப்படித்தான் அந்தப் பாதை வந்தது. நான் ஓடியது யாரோ நடந்து உறுதிப்படுத்தித் தந்த தடத்தில்.

ஆகவே "எங்கட ஊர் ட்ரெயில்" என்று சமூக வலைத்தளத்தில் படம் போடும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசுகிறது. அது மீன்பிடிக்காரர் வாடிக்குப் போகிற பாதை. மாடு கொண்டுபோகிற பாதை. விறகுக்குப் போகிற பாதை. அதற்கு ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் இரவு வெற்றிலைக்கேணிப் பக்கம் கம்பஸில் படித்த ஒரு அக்காவின் வீட்டில் நின்றோம். அவ நேரடியாகவே கேட்டா.

"என்ட பிள்ளை இந்த மண்ணுக்கால சைக்கிள் உருட்டித்தான் பள்ளிக்கூடம் போறாள். மாரிக்கு வெள்ளம், கோடைக்கு மண். நாங்கள் றோட்டுப் போடுங்கோ எண்டு அலையிறம். நீங்கள் மண்ணைத் தேடி வாறியள். எங்கட கஷ்டம் உங்களுக்கு விளையாட்டோ?"

நான் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் இதுதான் சரியான மறுப்பு. இதற்குச் சுகமான பதில் என்னிடம் இல்லை. அக்கா சொல்வது சரி. அங்கே றோட்டு வர வேண்டும், பஸ் ஒழுங்காக ஓட வேண்டும், அதைக் கேட்கும்போது "ஐயோ மண் பாதையின் அழகு போய்விடும்" என்று யாழ்ப்பாண ரவுனில் இருந்து ஒருத்தர் சொன்னால் அவரை விரட்ட வேண்டும். நானும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு விசயம் அக்காவிடமே சொன்னேன். ஒன்று, றோட்டுக்கு வருகிற தார் ஒரு விசயம், ஊரில் இருந்து போகிற மணல் வேறு விசயம். அம்பன், குடத்தனை, நாகர்கோவில் பக்கம் மணல் அள்ளுவதைப் பற்றி ஊராக்கள் வருசக்கணக்கில் கத்துகிறார்கள். அந்த மணல் மேடு மழைத்தண்ணியைப் பிடித்து வைக்கிறது, கிணறு நல்ல தண்ணியாக இருப்பது அதனால்தான். கடல் உள்ளே வராமல் கொஞ்சமாவது தடுப்பதும் அதுதான். டிப்பர் போகிற பாதையும் நாங்கள் ஓடின பாதைகளில் இருந்தது. ஆழமாக, அகலமாக, புதிதாக. மணலில் போய்வருகிறவர்கள் கூடினால், பார்க்கிற கண்களும் கூடும். ஒரு மேடு போன மாசம் இருந்தது, இந்த மாசம் இல்லை என்று சொல்லுவதற்கு ஊராக்களோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

இரண்டாவதை நான் சொல்லி முடிக்க முதல் அக்காவின் மகளே சொல்லிவிட்டாள். பதின்மூன்று வயது. நாங்கள் பின்னேரம் கடற்கரைக்கு ஓடுவோம் என்று வெளிக்கிட, தானும் வரட்டோ என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தா. "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே" என்றாள் மகள். சைக்கிள் அவளுடையது இல்லை, வீட்டுச் சைக்கிள், பெரிய ஆம்பிளைச் சைக்கிள், பாருக்கு மேலால் காலைப் போட்டு ஏற வேண்டும். பின் பிறேக் இல்லை. பள்ளிக்கூட நேரம் தவிர்ந்த நேரங்களில் அது தகப்பனுக்கு. அன்றைக்குத் தகப்பன் வீட்டில் இருந்ததால் கிடைத்தது.

அவள் மணலில் எங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு நாள் படித்ததெல்லாம் அவளுக்கு உடம்பில் இருந்தது. எங்கே ஈர மண் இறுகியிருக்கும், எங்கே இறங்க வேண்டும், எங்கே எழும்பி மிதிக்க வேண்டும் என்று. கடலடியில் ஈர மண்ணில் தூரத்துக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்து சொன்னாள்: "நான் இஞ்சால் பக்கம் சைக்கிள் கொண்டு வந்ததே இல்லை." வீட்டில் இருந்து கடல் அரைக் கிலோமீற்றர்தான் இருக்கும்.

அக்கா அன்றிரவு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் வென்றதாகவும் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு நல்ல றோட்டு, பின்னேரத்துக்குக் கடற்கரை. முதலாவதைக் கேட்க ஊரே இருக்கிறது. இரண்டாவதை அவளுக்காகக் கேட்க ஒருத்தரும் இல்லை, அது கேட்க வேண்டிய சாமான் என்று ஒருத்தருக்கும் படவில்லை.

மூன்றாம் நாள் சுண்டிக்குளம் வரை போவது என்று இருந்தோம். பறவைகள் வருகிற களப்பு அது. 1938இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2015இல் தேசியப் பூங்கா. காற்று நிலைமையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். மருதங்கேணிக்குத் திரும்பி வந்து புதுக்காட்டுச் சந்திக்கு ஏறினோம். அந்தப் பகுதி முழுக்கச் சோழகம் முகத்தில். கியர் இருந்தால் நல்லாயிருக்கும் என்று நான் நினைத்தது அந்த மூன்று நாளில் அங்கே மட்டும்தான். ஒரு கியரில் எதிர்காற்றுக்கு ஒரு மருந்தும் இல்லை. மெதுவாக மிதிக்க வேண்டும், மூன்று பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர், முறை மாற்றி மாற்றி முன்னுக்கு.

உண்மையான பயம் ஏ9இல்தான் வந்தது. பளையில் இருந்து கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி. காப்பெற் றோட்டு, பளிங்கு மாதிரி. பக்கத்தால் போகிற பஸ்ஸின் காற்றே சைக்கிளை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறது, கோட்டுக்கு வெளியே சில இடத்தில் றோட்டு அரையடி பள்ளமாக முடிகிறது. யுத்தம் முடிந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த பெரிய அபிவிருத்தி இந்த றோட்டுகள். சைக்கிளிலேயே வாழ்ந்த ஒரு ஊருக்கு றோட்டுப் போடும்போது, சைக்கிளுக்கு என்று ஒரு முழ அகலம் விட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மிதிவெடி இருந்த நிலத்தில் பயப்படாமல் ஓடிவந்த நாங்கள் காப்பெற் றோட்டில் பயந்து பயந்து வீடு வந்தோம்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது.

அடுத்த போயா நீட்டு லீவாக வரும்போது சைக்கிளை எடுங்கள். புதுசு வாங்க வேண்டாம், கராஜுக்குள் கிடக்கிறதைத் துடையுங்கள். மணல் என்றால் பின் பல்லை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். தூரம் போக வேண்டும் என்றும் இல்லை, உங்கள் ஊரிலேயே நீங்கள் போகாத ஒழுங்கை, குளக்கட்டு, வயல் வரம்பு இருக்கும். ஆக்கள் நடக்கிற பாதையால் போங்கள், ஆளைக் கண்டால் இறங்கிக் கேளுங்கள், வாடிக்குள் வலை காயப் போட்டிருந்தால் சுற்றிப் போங்கள். தண்ணிப் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஊர்க் கடையில் தேத்தண்ணி குடியுங்கள், ஊர்க் கடையில் ஒட்டுப் போடுங்கள். நல்ல இடம் ஒன்று கண்டால் உடனே வரைபடத்தில் குறி போட்டு நாலாயிரம் பேரை அனுப்பாதீர்கள். வீட்டில் தங்கச்சி இருந்தால் அவளுக்கும் ஒரு சைக்கிளைத் தயார் செய்யுங்கள், பாதையை அவள் தெரியட்டும்.

யாராவது என்னத்துக்கு என்று கேட்டால் சும்மா என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். அடுத்த தடவையும் அதையே சொல்லுங்கள்.

தம்பியார் கியரைத் திருப்பிப் பூட்டவில்லை. பொலித்தீன் பைக்குள் இன்னும் அப்படியே இருக்கிறதாம். ரியூசனில் கேட்கிறார்கள், என்னடா நடந்தது என்று. 'சிங்கிள்ஸ்பீட்' என்று சொல்லி இருக்கிறான்.